யார் இந்த தாமஸ்? ஒரு முட்டியும் ஒரு இரும்பு வளையமும்



போன செமஸ்டர் இன்டர் டிபார்ட்மென்ட் கபடி பாத்தவங்களுக்கு எங்க ரூம்மேட்டை ஞாபகம் இருக்கும். செமி ஃபைனல்ல ரெய்டு போனான், போனஸ் லைனைத் தொட்டுட்டுத் திரும்பினான். கால் தரையிலேயே நின்னுச்சு, உடம்பு மட்டும் திரும்பிருச்சு. அவனுக்குள்ள ஏதோ 'டப்'னு கேட்டுச்சாம். ராத்திரிக்குள்ள முட்டி தேங்கா சைஸுக்கு வீங்கிருச்சு.

அப்புறம்தான் ஆளாளுக்கு டாக்டர் ஆனோம். ஜிம் போற சீனியர் ஒருத்தர், பக்கவாட்டுல கீல் வச்ச பிரேஸ் ஆன்லைன்ல வாங்கச் சொன்னார். சேரன்மகாதேவில இருக்கிற அவன் ஆச்சி, வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போய் மூங்கில் தப்பை வச்சுக் கட்டணும்னு ஒத்தக் காலில் நின்னாங்க. அவங்க அப்பா ஹைகிரவுண்ட் பக்கம் போய் டாக்டரைப் பாக்கச் சொன்னார். இவன் யார் பேச்சையும் கேக்கல. ஜங்ஷனுக்கு பஸ் ஏறி, ஒரு கடையில அளவுகூட எடுக்காம எம் சைஸ் நீ கேப் ஒண்ணு வாங்கி மாட்டிக்கிட்டான். வீக்கம் வடிஞ்சுது. மூணாவது வாரம் அதே நீ கேப்போட கிரவுண்டுல இறங்கினான். முட்டி மறுபடியும் நழுவிருச்சு.

கடைசில எலும்பு டாக்டரைப் பாக்கப் போனோம். அங்க காத்திருக்கும்போது ஸ்ட்ரெச்சர்ல ஒரு பெரியவரை தள்ளிட்டுப் போனாங்க. அவர் தொடை இடுக்குல தோல் சுத்தின ஒரு இரும்பு வளையம். அதுல இருந்து காலோட ரெண்டு பக்கமும் கம்பி இறங்கி, பாதத்துக்குக் கீழே போய் ஒண்ணா சேருது. அது என்னன்னு நர்ஸ் அக்காகிட்ட கேட்டோம். தாமஸ் ஸ்பிளின்ட்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. மெக்கானிக்கல் படிக்கிற ரெண்டு பேருக்கு அந்த கம்பியைப் பாத்ததும் வந்த முதல் கேள்வி, யார் இந்த தாமஸ்? அந்த மனுஷனோட கதைதான் இது.

கரை ஒதுங்கின பையன்

ஹியூ ஓவன் தாமஸ் பிறந்தது 1834 ஆகஸ்ட் 23. ஊர், வேல்ஸ் நாட்டோட ஆங்கிள்சீ தீவு. அவர் குடும்பக் கதை அதுக்கு சுமார் 90 வருஷம் முன்னாடி ஒரு கப்பல் விபத்துல தொடங்குது. உடைஞ்ச கப்பல்ல இருந்து ஒரு சின்னப் பையன் அந்தத் தீவுக் கரையில ஒதுங்கினான். அவன் பேசின மொழி அங்க யாருக்கும் புரியல. எந்த நாடுன்னும் தெரியல. ஒரு குடும்பம் எடுத்து வளர்த்து, இவான் தாமஸ்னு பேர் வச்சது. எலும்பு விலகினா, ஒடிஞ்சா, கையால தடவிப் பாத்தே சரி பண்ற திறமை அந்தப் பையனுக்கு இருந்துச்சு. தலைமுறை தலைமுறையா அந்தக் குடும்பத்துக்கு அதுவே தொழிலாச்சு.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசு இல்ல. பொதிகை மலை அடிவாரத்துல இருந்து குமரி வரைக்கும் வர்மம், ஒடிவு முறிவு வைத்தியம்னு பரம்பரையா பாக்கிற குடும்பங்கள் உண்டு. பாளையங்கோட்டையில 1964ல இருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கு. தாமஸ் குடும்பம் அந்த மாதிரி ஒரு நாட்டு வைத்தியக் குடும்பம்னு வச்சுக்கோங்க.

ஹியூவோட அப்பா பேரும் இவான் தாமஸ்தான். அவர் பிழைப்பு தேடி லிவர்பூலுக்குப் போனார். துறைமுக நகரம். மூட்டை தூக்குறவங்க, கப்பல் கட்டுறவங்க, கொதிகலன் செய்றவங்கன்னு தினமும் அடிபடுற சனம் நிறைஞ்ச ஊர். கூட்டம் அவரைத் தேடி வந்துச்சு. படிச்ச டாக்டர்களுக்கு இது பிடிக்கல. பட்டம் இல்லாம வைத்தியம் பாக்கிறார்னு அவரைத் திரும்பத் திரும்ப கோர்ட்டுக்கு இழுத்தாங்க. அந்த அலைச்சலைப் பாத்து அவர் ஒரு முடிவு எடுத்தார். தன்னோட அஞ்சு பசங்களையும் முறைப்படி டாக்டருக்குப் படிக்க வச்சார்.

மூத்தவரான ஹியூ, தாய்மாமன்கிட்ட நாலு வருஷம் தொழில் பழகினார். அப்புறம் எடின்பரோ, லண்டன்னு படிச்சு 1857ல தகுதி பெற்றார். திரும்பி வந்து அப்பாகூட வேலை பாத்தார். ஆனா ஒத்துப்போகல. அப்பாவுக்கு அனுபவம்தான் எல்லாம். மகன் உடற்கூறு படிச்சவர். கொஞ்ச நாள்ல தனியா போயிட்டார். அப்பாகிட்ட இருந்து அவர் எடுத்துக்கிட்டது கைப்பக்குவம். அது சாதாரண விஷயம் இல்ல. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895ல. தாமஸ் அதுக்கு முன்னாடியே இறந்துட்டார். வாழ்நாள் முழுக்க விரலால தொட்டுப் பாத்துதான் எலும்பு எங்க ஒடிஞ்சிருக்குன்னு சொன்னவர்.

நெல்சன் தெரு, 11ஆம் நம்பர்

ஆளைப் பாத்தா டாக்டர்னு சொல்ல மாட்டீங்க. குள்ளமா, ஒல்லியா, நோஞ்சானா இருப்பார். கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட கருப்புக் கோட்டு. சின்ன வயசுல ஒரு கண்ணுல அடிபட்டதால, அதை மறைக்க கப்பல்காரங்க தொப்பியைச் சாய்ச்சுப் போட்டிருப்பார். வாயில எப்பவும் சிகரெட். விடியக்காலையிலேயே குதிரை வண்டியில கிளம்பி நோயாளிங்க வீடு வீடா போவார். ஞாயித்துக்கிழமை ஏழைகளுக்கு இலவசம். அன்னிக்கு நெல்சன் தெருவுல அவர் வீட்டு வாசல்ல கூட்டம் நிக்கும். எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலயும் அவருக்குப் பதவி கிடையாது.

நாம கவனிக்க வேண்டியது அந்த வீட்டோட பட்டறையைத்தான். ஒரு கொல்லர், ஒரு தோல் வேலைக்காரர், ரெண்டு பேரும் அங்கேயே சம்பளத்துக்கு இருந்தாங்க. நோயாளி வந்தா தாமஸ் அளவெடுப்பார். தொடை சுத்தளவு, கால் நீளம், எல்லாம். கொல்லர் கம்பியை வளைப்பார். தோல் வேலைக்காரர் வளையத்துக்கு மெத்தை வச்சுத் தைப்பார். போட்டுப் பாத்து, அழுத்துற இடத்தைத் திரும்ப வளைச்சு அனுப்புவாங்க. அந்தாளு காலுக்கு, அந்தாளு அளவுல. ஒருத்தரோடது இன்னொருத்தருக்குப் பொருந்தாது.

அந்தக் காலத்துல முட்டி வலின்னு வந்தவங்கள்ல நிறைய பேருக்கு இருந்தது மூட்டு காசநோய். குழந்தைகளை ரொம்பவே பாதிச்சுது. காசநோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வர்றது 1940கள்ல. அதனால பல சர்ஜன்கள் மூட்டை வெட்டி எடுத்தாங்க, இல்லன்னா காலையே எடுத்தாங்க. தாமஸுக்கு அது பொறுக்கல. அவர் நம்பினது ஒண்ணே ஒண்ணு. கெட்டுப்போன மூட்டுக்கு மருந்து ஓய்வுதான். அதுவும் பேருக்கு ஓய்வு இல்ல. நோயாளியே நினைச்சாலும் மீற முடியாத ஓய்வு, நடுவுல ஒரு நாள்கூட விடாத ஓய்வு, அவசரப்படாத நீண்ட ஓய்வு. ஆனா ஏழை வீட்டுப் பிள்ளையை மாசக்கணக்கா யார் படுக்க வச்சுப் பாத்துக்குவாங்க? அவன் நடமாடவும் வேணும், முட்டி ஓய்வு எடுக்கவும் வேணும். அங்கதான் இந்த ஆள் ஒரு இன்ஜினியரா யோசிச்சார்.

எடையை எங்க இறக்குறது?

ஒரு ஃப்ரீ பாடி டயக்ராம் மனசுல போடுங்க. நிக்கும்போது உடம்பு எடை இடுப்பு, தொடை எலும்பு, முட்டி, கணுக்கால் வழியா தரைக்குப் போகுது. முட்டிக்கு ஓய்வு வேணும்னா, எடை அதைத் தொடாம வேற வழியா இறங்கணும். தாமஸ் செஞ்சது ஒரு பைபாஸ் ரோடு.

நாம பெஞ்சுல உக்காரும்போது பலகையில படுற இடுப்பெலும்பு இருக்குல்ல, மெத்தை வச்ச இரும்பு வளையம் தொடை இடுக்குல ஏறி அதைத் தாங்கும். வளையத்துல இருந்து ரெண்டு கம்பி கீழே இறங்கும். முதல்ல செஞ்ச வடிவத்துல கம்பி பாதத்துக்கும் கீழே நீண்டிருந்துச்சு. கெட்ட கால் அந்தரத்துல தொங்கும், எடை முழுக்க கம்பி வழியா தரைக்குப் போயிரும். ரெண்டு காலும் சமமா இருக்க, நல்ல கால் செருப்புக்கு அடியில உயரம் வச்சுக் கொடுத்தார். கொஞ்சம் குணமானதும் அடுத்த வடிவம். கம்பி நுனியை உள்பக்கம் மடக்கி, ஷூ குதிகால்ல ஒரு குழாய்க்குள்ள சொருகிடுவார். இதுதான் காலிப்பர். நம்ம ஊர்ல போலியோ பாதிச்ச அண்ணன்கள், அக்காக்கள் கால்ல பாத்திருப்பீங்களே, அந்த கம்பி ஷூவோட முன்னோர் இதுதான்.

படுத்திருக்கிற நோயாளிக்கு அதே வளையம் இன்னொரு வேலை செய்யும். பாதத்தைக் கட்டி, கீழே இருக்கிற கம்பியோட சேர்த்து இழுத்தா, மேலே வளையம் இடுப்பெலும்பை எதிர்த்து முட்டும். ஒடிஞ்ச தொடை எலும்பு நேரா நிக்கும். ஆஸ்பத்திரியில நாங்க பாத்த பெரியவருக்குப் போட்டிருந்தது இதைத்தான்.

1875ல இடுப்பு, முட்டி, கணுக்கால் மூட்டு நோய்கள் பத்தி புத்தகமா எழுதி வெளியிட்டார். பெருசா யாரும் கண்டுக்கல. அவர் எழுத்தும் அப்படி. மத்த டாக்டர்களைக் கண்டபடி சாடுவார். நாட்டு வைத்தியர் மகன், ஆஸ்பத்திரிப் பதவி இல்லாதவர், வாய் வேற ஜாஸ்தி. லண்டன் எதுக்குக் கேக்கப் போகுது? லிவர்பூல் தொழிலாளிங்களுக்கு மட்டும் அவர் யாருன்னு தெரியும். 1891 ஜனவரி 6, 56 வயசுல தாமஸ் இறந்தார். கொத்துக் கொத்தா ஆயிரக்கணக்கான சனம் அவர் கடைசி ஊர்வலத்துக்கு வந்துச்சு. அவர் கண்டுபிடிச்சது அந்த ஊரோட முடிஞ்சிருக்க வேண்டியது.

மாமாவோட கம்பி போருக்குப் போச்சு

தாமஸுக்குப் பிள்ளைங்க இல்ல. மனைவியோட அண்ணன் தம்பி வழிப் பையன் ராபர்ட் ஜோன்ஸை 16 வயசுல வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து படிக்க வச்சாங்க. மாமா எவ்வளவு கோபக்காரரோ, மருமகன் அவ்வளவு சாது. அவரும் சர்ஜன் ஆனார். மாமா திட்டிச் சொன்னதையெல்லாம் இவர் சிரிச்சுக்கிட்டே செஞ்சு காட்டினார். ஊர் கேக்க ஆரம்பிச்சுது.

1914ல முதல் உலகப்போர். குண்டடிபட்டுத் தொடை எலும்பு ஒடிஞ்ச சிப்பாய்ங்க கொத்துக் கொத்தா செத்தாங்க. தொடை எலும்பு ஒடிஞ்சா உள்ளுக்குள்ளயே லிட்டர் கணக்குல ரத்தம் போகும். சரியா கட்டாம ஸ்ட்ரெச்சர்ல குலுக்கிக்கிட்டுத் தூக்கிட்டுப் போனா, கூரான எலும்பு முனை சதையைக் கிழிச்சுக்கிட்டே வரும். காயம்பட்ட இடத்துலயே தாமஸ் ஸ்பிளின்ட் போடணும்னு ஜோன்ஸும் அவர் கூட்டாளிகளும் வற்புறுத்தினாங்க. ஸ்ட்ரெச்சர் தூக்குறவங்க கண்ணைக் கட்டிக்கிட்டு இதை மாட்டப் பழகினாங்க, ராத்திரி இருட்டுல செய்யணுமே. போர் தொடங்கினப்போ இந்த வகைக் காயத்துல 100க்கு சுமார் 80 பேர் செத்தாங்கன்னும், 1917ல அது 16க்குப் பக்கம் வந்துச்சுன்னும் மருத்துவ வரலாற்று நூல்கள்ல எழுதியிருக்கும். அந்தப் பெருமை முழுக்க கம்பிக்கு மட்டும் சேராது. சீக்கிரம் ஆபரேஷன், ரத்தம் ஏத்துறது, நல்ல ஆம்புலன்ஸ் எல்லாம் சேர்ந்துதான். ஆனா அந்த வளையம் இல்லாம அவங்க ஆபரேஷன் டேபிள் வரைக்கும் உயிரோட வந்திருக்க மாட்டாங்க. தாமஸ் செத்து 26 வருஷம் ஆகியிருந்துச்சு.

ராமேஸ்வரத்துக்காரர் ஒருத்தர்

தாமஸோட கம்பிக்கு ஒரு குறை உண்டு. எடை. இரும்பும் தோலுமா சேர்ந்து கனக்கும். நூறு வருஷம் கழிச்சு அந்தக் கனத்தைப் பாத்துக் கலங்கினவர் நமக்குத் தெரிஞ்சவர்தான். அப்துல் கலாம் ஹைதராபாத்துல ஏவுகணை வேலையில இருந்தப்போ, ஒரு எலும்பு டாக்டர் அவரை தன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க சின்னப் பிள்ளைங்க 3 கிலோவுக்கும் மேல கனக்கிற காலிப்பரை இழுத்துக்கிட்டு நடந்தாங்க. ஏவுகணைக்குச் செஞ்ச லேசான கூட்டுப்பொருளை வச்சு, மூணே வாரத்துல 300 கிராம்ல ஒண்ணு செஞ்சு கொடுத்தாங்க. பிள்ளைங்க ஓட ஆரம்பிச்சதைப் பாத்து பெத்தவங்க அழுதாங்கன்னு கலாம் பல மேடையில சொல்லியிருக்கார்.

அந்த வடிவத்துக்குப் பேர் ஃப்ளோர் ரியாக்ஷன் ஆர்த்தோசிஸ். தாமஸ் தரையோட எதிர்விசையை முட்டிக்கு வராம விலக்கினார். இது அதே எதிர்விசையைப் பயன்படுத்தி முட்டியை நேரா நிக்க வைக்குது. கணுக்காலை மடங்காம பிடிச்சுக்கிட்டு, முன்கால்ல ஒரு தகடு. கால் ஊன்றும்போது அந்தத் தகடு முட்டியைப் பின்னுக்குத் தள்ளும், முட்டி மடங்கி விழாது. ரெண்டு பேரும் கேட்ட கேள்வி ஒண்ணுதான். இந்தக் காலுக்கு என்ன வேலை ஆகணும்?

அந்தக் கேள்வியை நாங்க கேக்கல

எங்க ரூம்மேட் கதைக்கு வருவோம். எம்ஆர்ஐ எடுத்ததுல முட்டிக்கு நடுவுல இருக்கிற ஏசிஎல் தசைநார் கிழிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுது. அவன் வாங்கின நீ கேப் கெட்ட பொருள் இல்ல. அதோட வேலை வேற. துணி கேப் லேசா அழுத்தம் கொடுக்கும், சூடு கொடுக்கும், முட்டி எங்க இருக்குன்னு மூளைக்கு ஞாபகப்படுத்தும். சின்ன வலிக்கு இதம். கிழிஞ்ச தசைநாரோட வேலையை அது பாக்காது. வீக்கம் வடிஞ்சதையும் கேப் கொடுத்த தைரியத்தையும் சேர்த்து, குணமாயிருச்சுன்னு நினைச்சுட்டான். ரெண்டாவது தடவை நழுவினப்போ முட்டிக்குள்ள இருக்கிற ஜவ்வும் கிழிஞ்சிருச்சு.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி தாமஸ் பட்டறையை நினைச்சுக்கோங்க. முதல்ல என்ன கோளாறு, அப்புறம் என்ன வேலை, அப்புறம் அளவு, கடைசியாத்தான் காசு.

முட்டிச் சில்லுக்குக் கீழே குதிக்கும்போது மட்டும் வலின்னா, அதுக்கு ஒரு சின்ன பட்டை இருக்கு. பக்கவாட்டு தசைநார் சுளுக்குன்னா ரெண்டு பக்கமும் கீல் வச்ச பிரேஸ். ஆபரேஷனுக்கு அப்புறம், எத்தனை டிகிரி மடங்கலாம்னு பூட்டு வச்ச நீள பிரேஸ். வீட்டுல தாத்தா பாட்டிக்கு முட்டி ஒரு பக்கமா தேய்ஞ்சிருந்தா, எடையை மறுபக்கம் தள்ளுற வகை. இதுல எதையும் நாமளா முடிவு பண்ண முடியாது. அடிபட்டு சில மணி நேரத்துல வீங்கினா, கால் ஊன்ற முடியலைன்னா, முட்டி பூட்டிக்கிட்டா, நழுவுற மாதிரி இருந்தா, கடைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போங்க. அளவை டேப் வச்சு, பெட்டியில சொல்லியிருக்கிற இடத்துல எடுங்க. போட்ட பிறகு பாதம் மரத்தாலோ, விரல் நிறம் மாறினாலோ உடனே கழட்டுங்க.

அடிபடாம இருக்கவே போடலாமான்னு கேப்பீங்க. நல்லா இருக்கிற முட்டிக்கு துணி கேப் போட்டா தசைநார் கிழியாதுன்னு நம்ப ஆதாரம் இல்ல. கால்பந்துக்காரங்க விளையாடுறதுக்கு முன்னாடி செய்ற ஃபிஃபா 11+ மாதிரி, குதிச்சு சரியா இறங்கிப் பழகுற, தொடை தசையை வலுவாக்குற 20 நிமிஷப் பயிற்சி காயத்தைக் குறைக்குதுன்னு ஆய்வுகள் சொல்லுது.

தாமஸும் எல்லாத்துலயும் சரி இல்ல. நீண்ட ஓய்வுன்னு அவர் சொன்னது மருந்தில்லாத காசநோய் காலத்துக்கு. இன்னிக்கு பல முட்டிக் காயங்களுக்கு சீக்கிரமே அசைக்கச் சொல்றாங்க. சும்மா கட்டியே வச்சிருந்தா தொடை தசை சூம்பிரும். அவர்கிட்ட இருந்து நாம எடுத்துக்க வேண்டியது, மாசக்கணக்கா படுக்கிறதை இல்ல. பிரேஸ் குணமாக்காது, குணமாகிறதுக்கு இடம் கொடுக்கும், அந்த நாளை நாம திருடிக் கிரவுண்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதுங்கிறதைத்தான்.

எங்க ரூம்மேட்டுக்கு ஆபரேஷன் முடிஞ்சுது. இப்போ பூட்டு பிரேஸ் மாட்டிக்கிட்டு, பிசியோ சொன்ன பயிற்சியை கட்டில்ல உக்காந்து எண்ணி எண்ணி செய்றான். விளையாட ஒன்பது மாசமாவது ஆகுமாம். போன வாரம் ஆச்சி பாக்க வந்தாங்க. பிரேஸைத் தடவிப் பாத்துட்டு, இதுவும் தப்பைதானேன்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னோம். தாமஸ் இருந்திருந்தா அவரும் தலையாட்டியிருப்பார்.